பழகாத பிள்ளைகள்மீது வெறுப்பு எப்படி வருகிறது?

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து வயது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கூடாதவர்கள் என்று சொல்லி, அவர்களோடு விளையாட மறுக்கிறான். அவர்களில் ஒருவரோடும் அவன் பழகியதில்லை. நாங்களும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது எங்கிருந்து வந்தது?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த ஊரின் பெயர் எழும்போதெல்லாம் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினாலோ, முகம் சுளித்தாலோ, கேற்றைப் பூட்டச் சொன்னாலோ, அந்தப் பெயரும் அந்தக் கலக்கமும் பிள்ளையின் மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காரணங்களை அவன் பிறகுதான் தேடிக்கொள்கிறான்.

உணவோடு சேர்த்துப் பலமுறை கேட்ட ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டியது பலரும் அறிந்ததே. மனிதரின் மனப்பாங்கும் இப்படி உருவாகுமா என்பதை ஆர்தர் ஸ்டாட்ஸ், கரோலின் ஸ்டாட்ஸ் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சில நாட்டினரின் பெயர்களைத் திரையில் காட்டி, ஒவ்வொரு பெயரோடும் ஒரு சொல்லை உரக்கச் சொன்னார்கள்; ஒரு குழுவினருக்கு ஒல்லாந்தர் என்ற பெயரோடு இனிய சொற்களும் சுவீடியர் என்ற பெயரோடு கசப்பான சொற்களும் வந்தன, மற்றக் குழுவினருக்கு இது தலைகீழாக அமைந்தது. பின்னர் மதிப்பிடச் சொன்னபோது, இனிய சொற்களோடு சேர்ந்து வந்த பெயரையே இரு குழுவினரும் கூடுதலாக விரும்பினார்கள். (ஒருகாலத்தில் ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த நம்மவரிடம் ஒல்லாந்தர் என்ற பெயரை வைத்து இதைச் செய்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.) பெயரும் சொல்லும் சேர்ந்து வருவதை உணராமலே இம்மாற்றம் நிகழுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

புத்திமதி இங்கே அதிகம் உதவாது என்பது என் கருத்து. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். அஞ்சாத பிள்ளைகளையும் உடனிருக்கச் செய்தார். அச்சம் நீங்கியது. உங்கள் மகனையும் கடற்கரைக் கிரிக்கெட்டில் அந்தப் பிள்ளைகளோடு ஒரே அணியில் சேர்த்துவிடுங்கள், எதிரணியில் வேண்டாம். அவன் மறுக்கும் நாளில் வற்புறுத்தி அழைத்துச் சென்றால், அன்றைய அழுகையும் அந்தப் பெயரோடுதான் போய்ச் சேரும்.