வாழை நாரில் நாப்கின் செய்தால் அரிப்பு வராதா?

கேள்வி: கம்பத்தில் எங்கள் மகளிர் குழுவினர் 12 பேர், தார் வெட்டியபின் வீணாகும் வாழை மட்டையிலிருந்து நார் எடுத்து, மக்கக்கூடிய நாப்கின் தயாரிக்க எண்ணியுள்ளோம். எங்களில் பலர் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கடை நாப்கினை நாள் முழுவதும் மாற்றாமல் வைத்திருப்பதால் தொடையிடுக்கில் அரிப்பும் புண்ணும் வருகின்றன. இயற்கை நார் என்றால் இந்தத் தொல்லை இருக்காதா? பயன்படுத்தியதைத் தோட்டத்திலேயே புதைத்துவிடலாமா?

பதில்: அரிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நாரை மாற்றுவது மட்டும் அதற்கு மருந்தாகாது. கடை நாப்கினின் மேலுறை, வாசனைப் பொருள், பசை ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருவது உண்மைதான். ஆனால் பத்து மணி நேரம் ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால், உள்ளே இருப்பது வாழை நாரானாலும் பஞ்சானாலும் தோல் புண்ணாகும், பூஞ்சையும் பற்றும். மாதவிடாய் நாட்கள் முழுவதிலும் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான் என்பதால், "இன்னும் நிறையவில்லையே" என்று காத்திருப்பது பொருளற்றது. நிறையாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால்தான் மாற்றுவதில்லை என்பதையும், அதே காரணத்துக்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சிறுநீர்த் தொற்றோடு வருகிறவர்கள் உண்டு என்பதையும் நான் அறிவேன். ஆகவே நாள் முழுவதும் தாங்கும் தடித்த நாப்கினைவிட, சுற்றிவைக்கும் தாளோடு இடுப்புப் பையில் அடங்கும் சிறிய நாப்கினை, நடுப்பகலில் ஒருமுறை மாற்றிக்கொள்வதற்காகவே நீங்கள் தயாரிப்பது நல்லது.

இனி நாருக்கு வருகிறேன். பச்சை வாழை நார் உறுதியானதே தவிர, அப்படியே நீரை நன்றாக உறிஞ்சாது. அதிலுள்ள லிக்னின் என்னும் விறைப்பான பொருள் தடுக்கும். அதை மென்மையான காரக் கரைசலில் வேகவைத்து, காரம் சிறிதும் எஞ்சாதபடி அலசி, வெளுக்க வேண்டுமானால் குளோரினைத் தவிர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்த வேண்டும். பிறப்புறுப்பின் இயல்பான அமிலத்தன்மை 3.8 முதல் 4.5 பிஹெச் வரை (பிஹெச் என்பது அமில, கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அங்கே காரம் எஞ்சிய நாரை வைப்பது தொல்லையை விலைக்கு வாங்குவதாகும். நாப்கினுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 5405, பிஹெச் 6 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி திரவத்தை ஊற்றினாலும் அடியிலோ பக்கத்திலோ கசியக் கூடாது என்றும் கேட்கிறது.

இன்னொன்றை விவசாயிகளிடம் கட்டாயம் கேளுங்கள். தண்டுக் கூன்வண்டுக்காக வாழைத் தண்டுக்குள்ளேயே பூச்சிமருந்தை ஊசியால் செலுத்தும் வழக்கம் உண்டு. நீங்கள் நார் எடுக்கப்போவதும் அதே தண்டிலிருந்துதான். அப்படி மருந்து ஏற்றிய மரங்களை ஒதுக்கிவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் நாட்களில் அரைகுறையாகக் காய்ந்த நாரில் பூஞ்சை வளரும். கிருமி நீக்கும் புற ஊதாப் பெட்டியில் வைத்தால் மேற்பரப்புதான் தூய்மையாகும், உள்ளே ஒளி எட்டாது. நார் பிரிக்கும் பயிற்சிக்குத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையும், பரிசோதனைக்குக் கோவையிலுள்ள சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தையும் அணுகலாம். சிறு குழுக்களால் நாப்கின் செய்ய முடியும் என்பதைக் கோவை அருணாசலம் முருகானந்தம் எப்போதோ காட்டிவிட்டார். ஆனால் அவருடைய இயந்திரம் மரக்கூழை நம்பியது, வாழை நாருக்கு இத்தனை முன்வேலையும் கூடுதல்.

புதைப்பது பற்றி: நடுவிலுள்ள நார் மக்கும், ஆனால் மேலுறை பாலிப்ரொப்பிலீனாகவும் அடியுறை பாலிஎத்திலீனாகவும் இருந்தால், நெகிழிகளான அவை மண்ணில் அப்படியே கிடக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் ஜெல்லும் எளிதில் மக்காது. மக்காச்சோளத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்னும் உயிரிநெகிழி உறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது மக்க ஏறத்தாழ 58 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடம் வேண்டும், இடுக்கியின் குளிர்ந்த மண் போதாது. மூன்று அடுக்கும் மக்குமெனச் சோதித்த பின்னரே பொட்டலத்தின் மேல் 'மக்கக்கூடியது' என்று அச்சிடுங்கள். அதுவரை, திடக்கழிவு விதிகள் சொல்வதுபோல் தாளில் சுற்றித் தனியே ஒப்படைப்பதே முறை. ஓடைக்கரையில் புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டிவிடும், எரித்தால் நெகிழிப் புகையைச் சுவாசிக்கப்போவது நீங்கள்தான். கை கழுவ நல்ல தண்ணீர் கிடைப்பவர்களுக்குச் மாதவிடாய் இரத்தத்தை உள்ளேயே ஏந்திக்கொள்ளும் சிலிக்கோன் கப் இன்னொரு வழி. 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். எறணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, 2022இல் நாப்கின் இல்லா ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது கப்பையும் துணியையும் நம்பித்தான்.

இப்போது புண்ணுள்ளவர்கள் வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவ வேண்டாம். தயிர்போன்ற வெள்ளைப்படுதல், துர்நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், வேறு நாப்கினைக் கொடுத்துப் பார்க்காமல், முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.