பின்பக்கம் உட்கார்ந்துபோன வேனைத் தூக்கலாமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது மாருதி ஆம்னி கார்கோ, மஞ்சள் போர்டு வண்டி. இலவம்பாடிப் பக்கமிருந்து முள்ளு கத்திரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறேன். லோடு ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்து, வேகத்தடையில் சைலன்சர் உரசுகிறது. ஒரு மெக்கானிக் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் (பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் நீளமான ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையை வண்டியோடு இணைக்கும் இரும்புத் துண்டு) போடச் சொல்கிறார், மூன்றாமவர் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– அணைக்கட்டு வட்டத்து வாசகர்

பதில்: மூன்று பேரும் எப்படித் தூக்குவது என்றுதான் யோசித்திருக்கிறார்கள் தம்பி, ஏன் இறங்கியது என்று யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. அதைப் பார்க்காமல் கை வைத்தால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

முதலில் காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடலில் எந்த மாற்றமும் செய்யாத இன்னொரு வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் பட்டை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சேற்றைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் விரிசல் விடும், துருப்பிடித்த மெல்லிய கோடு மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பட்டை ஓய்ந்து வளைவு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் காலியாக இருக்கும்போது உயரம் சரியாக இருந்து, மூட்டை ஏறினால் மட்டும் தரையைத் தொடுகிறது என்றால் பட்டை மேல் குற்றமில்லை, லோடுதான் அதிகம்.

அதனால் ஒருநாள் முழு லோடோடு எடை மேடைக்குப் போங்கள். மொத்த எடையைப் போட்டுவிட்டு, அப்புறம் பின்சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் நிறுத்தியும் ஒரு எடை போடச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையோடு ஒப்பிட்டால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். மூட்டையை எங்கே அடுக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பின் ஆக்ஸிலைத் தாண்டி, டிக்கிக் கதவை ஒட்டி வைக்கும் பாரம் தன் எடையைவிட அதிகமாகவே ஆக்ஸிலை அழுத்தும், முன்பக்கத்தையும் தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகி மிதக்கிற மாதிரி இருக்கும். கனமான மூட்டைகளை டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே அடுக்கிப் பாருங்கள்.

சரி, மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். நீள ஷேக்கிள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 2 இன்ச் நீளம் கூட்டினால் ஆக்ஸில் மேல் கிடைப்பது சுமார் 1 இன்ச்தான், ஏனென்றால் தூக்குவது பட்டையின் ஒரு முனையை மட்டும். கூடவே ஆக்ஸிலின் கோணம் திரும்பி பின்சக்கரத்தைச் சுழற்றும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு) தேயும், அதிர்வு வரும், வண்டி பக்கவாட்டில் ஆடும். இரும்புக் கட்டை விஷயத்தில், பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா கீழேயா என்று குனிந்து பாருங்கள். மேலே இருந்தால்தான் கட்டை வண்டியைத் தூக்கும், கீழே இருந்தால் அதே கட்டை இன்னும் இறக்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைப்பதோ, மரக்கட்டை செருகுவதோ உயிரோடு விளையாடுவது. அதோடு, ஓய்ந்த பட்டைக்கு அடியில் எத்தனை கட்டை வைத்தாலும் ஓய்ந்த பட்டை ஓய்ந்ததுதான்.

கூடுதல் பட்டை கொஞ்சம் நியாயமான யோசனை. ஆனால் திரும்பி வரும்போது காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போடும். பட்டை கூடியதால் ஏற்றும் எடையும் கூடிவிட்டது என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். பிரேக், பேரிங், ஆக்ஸில், டயர் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. ஓய்ந்த பட்டையை அடுப்பில் காய்ச்சி, தட்டி வளைவு ஏற்றித் தருபவர்களும் உண்டு. சூடேற்றிய பிறகு முறையாகப் பதம் கொடுக்கவில்லை என்றால் சீக்கிரமே மறுபடி தொங்கிவிடும்.

பட்டை ஓய்ந்திருந்தால் என் பதில் ஒன்றுதான்: இரண்டு பக்கமும் கம்பெனி அளவுப் புது செட், கூடவே பட்டை முனைக்குப் புது புஷ், பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் புது யு போல்ட். பழைய யு போல்ட் ஒருமுறை இழுபட்டது, அதைத் திரும்பப் போடாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கம்பெனி உயரத்துக்கு மேல் தூக்குவதில் நான் இவ்வளவு பயப்படுவதற்குக் காரணம் பிரேக்தான். லோடுக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வு பல வேன்களில் இருக்கும், அதன் கம்பி பின் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். பாடி உயர்ந்தால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும், உள்ளே மூட்டை நிறைய இருந்தாலும்! பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் எல்லாம் பழைய உயரத்துக்கு அளந்து செய்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஈகோ வேனில் வெளி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து சி.என்.ஜி. சிலிண்டர் வைத்தேன், பின்பக்கம் லேசாகத் தாழ்ந்துவிட்டது. குடும்பத்தோடு ஏலகிரி போகும்போது அடி தட்டுகிறது. ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் போடலாமா?
– ஆம்பூர் வாசகி

பதில்: வேண்டாம்மா. ஈகோவில் பின்னால் இருப்பது பட்டை இல்லை, காயில் ஸ்பிரிங். சுற்றுகளுக்கு நடுவில் ரப்பரைச் செருகினால் அந்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, மீதிச் சுற்றுகள் மேல் பளு ஏறும், குலுக்கலும் கூடும். சிலிண்டர் என்பது இன்னோர் ஆள் நிரந்தரமாகப் பின்னால் உட்கார்ந்து வருவது மாதிரி, அந்த அளவுக்கு ஆளையோ பெட்டியையோ குறைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிரிங் ஓய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள், ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். சிலிண்டர் பொருத்தியதை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

கேள்வி: ஜவ்வாது மலைக்கு அடிக்கடி போகிறோம். பழைய வேனைப் பின்னால் மட்டும் 3 இன்ச் தூக்கினால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று) பிரச்சினை வருமா?
– காட்பாடி வாசகர்

பதில்: வரும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்.சி.யை விடுங்கள், பின்னால் மட்டும் 3 இன்ச் ஏற்றினால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை இன்னும் கூடுதலாக முன்னால் சாயும், வளைவில் பாடி அதிகமாகச் சரியும், ஹெட்லைட் வெளிச்சமும் பக்கத்திலேயே விழும். அடி தட்டுவதுதான் கவலை என்றால் இன்ஜின் ஆயில் தங்கும் சம்பின் கீழே ஒரு பாதுகாப்புத் தகடு போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் மாற்ற வழி விட்டு.