புண் ஆறியும் போகாத செல்கள்

கேள்வி: எதிர்ப்புச் சக்தி செல்கள் நிறைய இருந்தால் நோய் அண்டாது என்றுதானே படித்திருக்கிறோம்? பிறப்புறுப்பில் அவை கூடினால் பெண்களுக்கு எச்.ஐ.வி. சுலபமாகத் தொற்றும் என்று ஒரு டாக்டர் பேசினார். குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். சளி, காய்ச்சல் கிருமி என்றால் உங்கள் கணக்கு பெரும்பாலும் செல்லும். எச்.ஐ.வி.யிடம் செல்லாது, ஏனென்றால் அது குடியேறிப் பெருகும் இடமே சிடி4 என்கிற வெள்ளையணுதான். அந்த அணுவின் மேல் சிசிஆர்5 என்று ஒரு புரதம் இருக்கிறது, பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே போகிறது. புண்ணோ தொற்றோ வந்தால் உடம்பு இந்த அணுக்களைத்தான் அங்கே கூட்டம் கூட்டமாக அனுப்பும். அதாவது வீட்டில் திருடன் என்று ஆள் அனுப்பினால், வருகிற திருடனுக்கு அந்த ஆள்தான் வேண்டும்!

பிறப்புறுப்பில் வரும் ஹெர்பீஸைப் பாருங்கள், கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் ஒரு வைரஸ் தொற்று அது. அது உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. அபாயம் அதிகம். சரி, அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்துப் புண்ணை அடக்கினால் அபாயமும் குறையும் என்று நம்பி பெரிய சோதனைகள் செய்தார்கள், குறையவில்லை. ஏன் என்பதற்கு 2009-ல் சியாட்டில் ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். புண் ஆறிய இடத்திலிருந்து துளி தோலை எடுத்துப் பார்த்தால், மேலே ஒன்றுமே தெரியவில்லை, உள்ளே சிடி4 அணுக்கள் கலையாமல் உட்கார்ந்திருக்கின்றன. தினமும் மாத்திரை போட்டவர்களிடமும் இதே கதைதான்.

கேள்வி: அப்படியானால் பிறப்புறுப்பு கழுவும் திரவம் வாங்கி உள்ளே நன்றாகக் கழுவிவிட்டால் தொற்று வராதல்லவா?
– அதே வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா (தயிரில் இருப்பதற்குச் சொந்தக்காரன்) புளிப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழுவித் தள்ளினால் வேறு கிருமிகள் இடம் பிடிக்கும், அழற்சி வரும், பிறகு மேலே சொன்ன கூட்டம்தான்.

தென்னாப்பிரிக்காவில் கேப்ரிசா 004 என்றொரு சோதனை நடந்தது. 889 பெண்கள், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல். 2010-ல் வந்த முடிவு: தொற்று 39 சதவீதம் குறைந்தது. அப்புறம் 2017-ல் அவர்களில் பலரின் பாக்டீரியாவைப் பார்த்தபோதுதான் சுவாரசியம். லாக்டோபேசில்லஸ் மிகுந்தவர்களிடம் ஜெல் 61 சதவீதம் காத்திருக்கிறது, மற்றவர்களிடம் வெறும் 18. கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா மருந்தையே சிதைத்துவிடுகிறதாம். அழற்சி இருந்த பெண்களுக்கு எச்.ஐ.வி. அபாயம் மூன்று மடங்குக்கு மேல் என்பதும் இதே சோதனையிலிருந்து தெரிந்ததுதான்.

விந்தணுவைக் கொல்லும் நானாக்சினால்-9 ஜெல்லையும் ஒரு காலத்தில் கவசமாக நம்பினார்கள். 2002-ல் வெளியான சோதனையில், அடிக்கடி தடவியவர்களுக்குத்தான் எச்.ஐ.வி. கூடுதலாக வந்திருந்தது. உள்தோலை அது அரித்துவிட்டிருந்தது.

எனவே வெளியே தண்ணீர் போதும். வெள்ளைப்படுதலில் நாற்றமோ அரிப்போ இருந்தால் கடையில் திரவம் வாங்காமல் டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்.