ஐம்பது, அறுபது வயதில் பூப்பந்து ஆடினால் பழைய ஆட்டமும் சந்தோஷமும் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 52 வயது. பள்ளி, கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடியவன். மறுபடி தொடங்க ஆசை. இந்த வயதுக்கு கோல்ஃப் மாதிரி நிதானமான விளையாட்டுதான் சரி என்கிறார்கள் நண்பர்கள். ஆட்டம் எப்படி இருக்கும்? பழைய சந்தோஷம் இருக்குமா?

பதில்:

தாராளமாகத் தொடங்குங்கள். எனக்கு 62 வயது, நானும் பாளையங்கோட்டைக்காரன்தான். பள்ளி அணியில் பின்வரிசையில் நின்று அடித்தவன், இன்றும் காலையில் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆட்டம் குறையும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் சந்தோஷம் அதே கணக்கில் குறைவதில்லை. இரண்டும் சேர்ந்தே இறங்கிவிடும் என்று நினைத்து, நன்றாக ஆடிய எத்தனையோ பேர் பேட்டைப் பரணில் போட்டுவிட்டார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கால்தான் முதலில் போகும் என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்களுக்குக் கண்தான் முதலில் போனது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சிறுத்து, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. மஞ்சள் கம்பளிப் பந்து நல்ல வெயிலில் பளிச்சென்று தெரியும். விடிந்தும் விடியாத நேரத்திலும், பொழுது சாயும்போதும் அதே பந்து திடீரென்று கைக்குப் பக்கத்தில் முளைத்ததுபோல வரும். ஊர்த் திருவிழாக்களில் நடத்தும் மின்னொளிப் போட்டிகளில் இன்னும் சிரமம். கண்புரை லேசாகத் தொடங்கியிருந்தால்கூட விளக்கைச் சுற்றி வெளிச்சம் பூத்து, உயரத்தில் வரும் பந்து அதற்குள் தொலைந்துபோகும். இன்னொன்று, மேலே தூரப்பார்வை, கீழே வாசிப்பு என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். இடுப்புக்குக் கீழே வரும் பந்தைக் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். ஆடுவதற்கென்று தூரப்பார்வை மட்டும் உள்ள ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். அதைக் கட்டிப் பிடிக்க ஒரு பட்டையும் போதும், ஆட்டத்தில் பாதி திரும்பி வந்துவிடும்.

அடுத்தது வேகம். சட்டென்று பாயும் தசைநார்கள்தான் வயதோடு அதிகம் சுருங்குகின்றன. மெதுவாக நீண்ட நேரம் உழைக்கும் நார்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எட்டு கிலோமீட்டர் நடக்க முடிகிறவருக்கு இரண்டு எட்டு பாய முடியாமல் போவது இதனால்தான். இதயமும் அப்படியே. 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் அதிகபட்சத் துடிப்பு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 20 வயதில் 200, உங்களுக்கு இப்போது 168. அந்த இடைவெளி நீளமான ராலி முடிந்ததும் மூச்சில் தெரியும். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு இன்னும் கட்டுப்பட்டே இருக்கும், அப்போது கணக்கெல்லாம் பொருந்தாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடவே கூடாது. தொடங்குவதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், “இந்த கேம் மட்டும்” என்ற பேச்சே வேண்டாம்.

குதிகாலுக்கு மேலுள்ள நரம்பும், தோள்பட்டையும் இந்த ஆட்டத்தில் அடி வாங்கும் இடங்கள். பழைய நினைப்பில் குளிர்ந்த உடம்போடு முதல் பந்தையே ஓங்கி அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கால் மணி நேரம் உடம்பைச் சூடேற்றிவிட்டு உள்ளே போங்கள். ஒரு நாள் ஆடினால் மறுநாள் ஓய்வு. இருபதில் தூங்கி எழுந்தாலே வலி போய்விடும், இப்போது அதற்கு ஒரு நாளாவது கேட்கும். கொடுத்துவிடுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

பூப்பந்துக் கோர்ட் நீளம் 24 மீட்டர், அகலம் 12 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஏறக்குறைய 29 சதுர மீட்டர் வருகிறது. ஷட்டில் என்கிற இறகுப்பந்து இரட்டையரில் ஆளுக்கு வருவது 20தான். அப்படியானால் வயதானவருக்கு ஷட்டில்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் ஷட்டிலில் அந்த இருவரும் இடம் மாறி மாறி ஓடியாக வேண்டும். பூப்பந்தில் முன்வரிசை, நடு, பின்வரிசை என்று நிற்கும் இடம் இருக்கிறது. அந்த இடங்களுக்கு வேண்டிய திறமையும் வேறுவேறு. வயதுக்கு ஏற்ற இடம் அதே கோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய கொடை.

உங்கள் நண்பர்கள் கோல்ஃப் என்று சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. 2009இல் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் டாம் வாட்சன் 59 வயதில் பிளே ஆஃப் வரை வந்து, ஸ்டூவர்ட் சிங்கிடம்தான் தோற்றார். வேறு எத்தனை விளையாட்டில் அப்படி நடக்கும்? ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் வயது ஏறினால் பந்து போகும் தூரம் குறையத்தான் செய்கிறது. அவர்கள் ஆட்டத்தை விடுவதில்லை, முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு டீ என்று பெயர், இலக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் டீயிலிருந்து அடிக்கிறார்கள். ஆட்டத்தில் பின்தங்கியவருக்குச் சலுகை தரும் ஹேண்டிகேப் என்ற கணக்கு இருப்பதால் அப்பாவும் மகனும் சமமாகப் போட்டி போடலாம். அந்த ஆட்டத்தின் விதிக்குள்ளேயே வயதுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் விதி அப்படி எதையும் தரவில்லை, நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும். பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வருவதுதான் நம்முடைய முன்டீ.

அப்படி வருவது மனசுக்கு லேசான காரியம் இல்லை. பின்வரிசையில் நிற்பவன்தான் ஓங்கி அடிப்பான், மைதானத்துச் சத்தமெல்லாம் அவனுக்குத்தான். எங்கள் குழுவில் ஒருநாள் ஒரு பையன் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க முன்னால நில்லுங்களேன், நான் பின்னால பார்த்துக்கிடுதேன்” என்றான். பணிவாகத்தான் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் முன்னால் நின்ற பிறகுதான், அத்தனை வருஷம் ஆடியும் பார்க்காத ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, பேட்டின் முகம் எப்படிச் சாய்கிறது, பந்தை அடிக்கும் முன் எந்தக் காலில் எடை போகிறது. இதெல்லாம் நெட்டுக்குப் பக்கத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. பந்து எங்கே வரும் என்று அரை நொடி முன்னால் தெரிந்துவிட்டால், அரை நொடி மெதுவான கால் ஒரு குறையே இல்லை.

கட் அடிப்பதும் அப்படித்தான். பந்தின் எடை 27 முதல் 30 கிராம். கம்பளி என்பதால் பேட்டின் நரம்பைக் கவ்விப் பிடிக்கும், மணிக்கட்டைத் திருப்பினால் நன்றாகச் சுழலும். வெட்டிவிட்ட பந்து நெட்டைத் தாண்டியதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இறங்கும் அழகு வேறு எந்த ஆட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்குத் தோள்பலம் வேண்டாம், மணிக்கட்டும் பொறுமையும் போதும். சர்வீஸும் இடுப்புக்குக் கீழிருந்து போடுவதுதான், வயது அதைத் தொடவே தொடாது. என் சர்வீஸ் இருபது வயதில் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறது. எதிரே நிற்கிற இளசுகளே சொல்கிறார்கள்.

பேட்டையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 165 முதல் 185 கிராம் வரை கிடைக்கிறது. எடை குறைந்ததை வாங்கி, பிடியைக் கைக்கு ஏற்றபடி சுற்றி, நரம்பைச் சற்றுத் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். பந்துக்கு வேகம் பேட்டிலிருந்தே வரும், முழங்கைக்கும் நல்லது.

சந்தோஷத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால், வயதைவிட முதலில் நான் சொல்வது மரியாதைக்காக மெதுவாக அடித்துக் கொடுப்பதைத்தான். பெரியவர் பக்கம் பந்து போனாலே பையன்கள் தடவிக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அதுதான் ஆளை உண்மையாகவே கிழவனாக்கும். நான் ஒருவனைக் கூப்பிட்டு, “ஏலே தம்பி, எனக்குன்னு தனியா பந்து போடாத. அவனுக்கு அடிக்கிற மாதிரியே அடி, எடுக்க முடியலன்னா பாயிண்ட் உனக்கு” என்றேன். “சரி அண்ணாச்சி” என்று அடுத்த பந்தையே என் கால்மாட்டில் இறக்கினான். அந்தப் புள்ளியை இழந்ததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. நீங்களும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். ஆள் பிரிக்கும்போது வயதானவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேராமல் இரண்டு பக்கமும் கலந்து நிற்க வேண்டும். எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் ஒரே ஏற்பாடு அதுதான்.

பெண்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் அருமையாகப் பூப்பந்து ஆடிய பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்யாணத்தோடு பேட் போய்விடுகிறது. என் தங்கச்சி அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள், பள்ளி அணியில் நடுவில் நின்றவள். பேரன் பிறந்த பிறகுதான் மறுபடி கோர்ட்டில் இறங்கினாள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக வலுவிழக்கும், காலூன்றி ஆடும் ஆட்டங்கள் அதற்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் அவள் எலும்புக்காக ஆடவில்லை. “அண்ணே, கை மறக்கவே இல்லை” என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்ததைக் கேட்டிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் நம் ஊரில் முக்கியம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் கயத்தாறு பக்கக் காற்றாலைகளுக்கு வேலையையும் கொடுக்கும், பூப்பந்துக்காரனுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்காது. எதிர்க்காற்றில் பந்தைப் பின்கோடு வரை கொண்டுபோக இளம் தோள்களே திணறும், நீண்ட நாள் கழித்து இறங்கும் உங்கள் தோளுக்கு அது வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலும் சரிப்படாது. வயது கூடினால் தாகம் தாமதமாகத்தான் தெரியும், அதனால் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்துப் பழக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கோர்ட் சேறாகிவிடும். தை, மாசிதான் அருமையான காலம். காற்று அடங்கி இருக்கும், செம்மண் தரை இறுகி இருக்கும், ஏழு மணி வெயில் இதமாக இருக்கும்.

மார்கழியில் நடக்க ஆரம்பியுங்கள். பொங்கல் முடிந்ததும் உங்கள் பழைய பள்ளி மைதானத்துக்குக் காலையில் போய் ஓரமாக நில்லுங்கள். பத்துப் பேர் வேண்டிய ஆட்டம் என்பதால் ஒன்பது பேர்தான் வந்திருக்கும் நாட்கள் அதிகம், கட்டாயம் கூப்பிடுவார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் முன்வரிசை என்று சொல்லுங்கள்.