கொடுவாக் குஞ்சுகள் காணாமல் போவது

கொடுவா மீன் குஞ்சுகள் குறைவதைத் தடுக்கத் தீனியைக் கூட்டுவது மட்டும் போதாது. முதலில் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரியுங்கள்.

ஹாப்பாவில் (குஞ்சுகளை வளர்க்கும் வலைத் தொட்டியில்) தினமும் எண்ணிக்கை குறைகிறது, செத்தது ஒன்றும் மிதக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிதக்காததுதான் துப்பு. காணாமல் போனவை அண்ணன்மார் வயிற்றில், அதாவது பெரிய குஞ்சுகளின் வயிற்றில் இருக்கின்றன. கொடுவா தன் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குள்ள மீனைக்கூட விழுங்கிவிடும், 6 செ.மீ. குஞ்சுக்கு 4 செ.மீ. தம்பி இரைதான். வயிறு புடைத்து, வாயில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்க, மூலையில் அசையாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

1. விடியலில், தீனிக்கு முன், 50 குஞ்சுகளைக் கோரி அளந்து பாருங்கள். பெரியது சிறியதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. வாரம் ஒருமுறையாவது பிரியுங்கள். 15 செ.மீ. தாண்டியதும் தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

3. தீனியைப் பரவலாகத் தூவுங்கள். மெதுவாக அமிழும் தீனி நல்லது. அசைவதைத் துரத்தும் மீன் இது, அடியில் கிடப்பதை அவ்வளவாகச் சீண்டாது. ஒரே இடத்தில் கொட்டினால் முரடர்கள் தின்று இன்னும் பெருப்பார்கள்.

உச்சிவெயிலில் பிரிக்காதீர்கள், அலுப்பிலேயே பல சாகும். அளவெல்லாம் ஒன்றாக இருந்தும் குறைகிறதா? வலையில் கிழிசலைத் தேடுங்கள், கொக்கையும் கவனியுங்கள்.