சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது, பேட்டரியோ 12.5 வோல்ட் காட்டுகிறது. காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் 12.5 வோல்ட், வண்டி சும்மா நிற்கும்போது எடுத்த அளவு. என்ஜினைச் சுழற்றத் தொடங்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டத்தை இழுக்கும்; மல்டிமீட்டரோ ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. அதனால், பத்து இழைகளில் ஒன்பது அறுந்துபோன கேபிளின் மறுமுனையிலும் அது அதே 12.5 வோல்ட்டைத்தான் காட்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, முகப்பு விளக்கை எரியவிட்டபடி இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் அல்லது அதன் இணைப்பில் இருக்கிறது. ஒளி சிறிதும் குறையாவிட்டால், மோட்டாருக்குள் போதிய மின்னோட்டம் பாயவில்லை என்று பொருள். ‘டிக் டிக் டிக்’ என்று ஒலி விடாமல் தொடர்ந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

அடுத்து, மீட்டரின் முனைகளைக் கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மீது வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பங்களின் மீதே அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மீண்டும் சோதியுங்கள். அப்போதும் இறங்கினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அளவு இறங்காமல் விளக்கு மட்டும் மங்கினால், ஒரு முனையைக் கம்பத்திலும் மற்றொன்றை அதே கம்பத்தின் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பும்போது பாருங்கள். அங்கே ஏறக்குறைய பூஜ்ஜியம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அந்த இணைப்பு கெட்டிருக்கிறது. எதிர்முனை (−) கம்பத்துக்கும் என்ஜினின் உலோக உடலுக்கும் இடையிலும் இதையே செய்யுங்கள், ஏனெனில் இவ்விரண்டையும் இணைக்கும் எர்த் கேபிளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இதே ஒலிக்காக ஒரு பணிமனையின் சொல்லைக் கேட்டு என் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினேன். ஒரே வாரத்தில் அதே ‘டிக்’ திரும்பி வந்தது. வெளியே பளிச்சென்று தெரிந்த எதிர்முனைக் கிளாம்பைக் கழற்றியபோது, உட்புறம் முழுவதும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்த்து, உலர்த்தி, இறுக்கிய பிறகு என்ஜின் முதல் முயற்சியிலேயே இயங்கியது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள். ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்து, சாவி திருப்பியிருக்கும்போது மோட்டாரின் தடித்த கேபிள் முனையிலும் பேட்டரியின் வோல்ட் ஏறக்குறைய அப்படியே வந்து, சாலினாய்டு (மோட்டாருக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்) ‘டிக்’ என்று அடித்தும் மோட்டார் சுழலவில்லை என்றால், கோளாறு மோட்டாரில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் சாலினாய்டின் செப்புத் தொடுமுனைகளோ கார்பன் பிரஷ்ஷோ மட்டும் தேய்ந்திருக்கலாம். அவற்றை மட்டும் தனியே மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டுப் புது மோட்டார் வாங்குங்கள்.

சாவியைத் திருப்பிய நிலையில் கம்பங்களிலும் கிளாம்பிலும் கிடைத்த அளவுகளை இங்கே எழுதினால், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.