ஆண் இல்லாமலே என் லெப்பர்ட் கெக்கோ முட்டை இட்டுவிட்டது. பொரிக்குமா?

முதலில் முட்டையைக் குப்பையில் போடாதீர்கள். தனியாக வளர்க்கும் பெண் லெப்பர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கிற புள்ளிப் பல்லி) இரண்டு முட்டை இட்டிருக்கிறது, வீட்டில் ஆணே கிடையாது, பொரிக்குமா, பொரித்தால் குஞ்சுகளை விற்றுக் காசு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் எழுதிய இரண்டு பேரும் "ஆண் இல்லையென்றால் கூழ்முட்டைதான், எறியுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கூழ்முட்டை இரண்டும் பொரித்து, பத்து வருடத்துக்கு மேலாக என் வீட்டில் வால் தடித்துக் கொழுத்துப்போய் இருக்கின்றன.

உங்கள் கெக்கோ குஞ்சாக வந்ததா, வளர்ந்த பிறகு வந்ததா என்று எழுதவில்லை. யாரோ வளர்த்துச் சலித்துப்போய் விற்றதை நீங்கள் வாங்கியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன், பெரும்பாலும் கதை அதுதான். இந்தப் பெண்கள் ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த விந்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருக்கும். நீங்கள் வாங்கும்போது பழைய கூட்டில் பக்கத்திலேயே ஓர் ஆண் இருந்திருக்கலாம், விற்றவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். என்னுடையதை விற்றவரும் சொல்லவில்லை. குஞ்சிலிருந்தே தனியாக வளர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் கூழ்முட்டைதான், சந்தேகமே வேண்டாம். ஆண் இல்லாமலே பெருகுகிற பல்லி இனமும் உண்டு, இலங்கைக் கரையோரத்திலும் இருக்கிறது, அதில் எல்லாமே பெண். ஆனால் அது வேறு சாதி, லெப்பர்ட் கெக்கோ அந்த ரகம் இல்லை.

முட்டை நல்லதா என்று பார்ப்பது சுலபம். கிடந்தது கிடந்தபடியே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். இனி அந்தப் புள்ளி எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். கோழி முட்டையைத்தான் திருப்பித் திருப்பி வைப்பது, இதைத் திருப்பினால் உள்ளே ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கரு செத்துப்போகும். இட்டு ஒரு கிழமை கழித்து இரவில் லைட்டை அணைத்துவிட்டு போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடியுங்கள். உள்ளே முழுக்க ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு சிவப்பு வளையமும் அதிலிருந்து மயிர் மாதிரி மெல்லிய நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஊரில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்குமே வீட்டுப் பல்லி முட்டை, உருண்டையாக, விரல் பட்டால் நொறுங்குகிற ஓட்டோடு, அதை நினைத்துக்கொண்டு இதைத் தொடாதீர்கள். இது நீளமாக, தோல் மாதிரித் துவளும். தண்ணீரை உறிஞ்சி நாளுக்கு நாள் கொஞ்சம் பெருக்கவும் செய்யும்.

ஆனால் முட்டையைவிடத் தாயைப் பாருங்கள். இதை யாரும் எழுதாததுதான் எனக்குக் கோபம். கூழ்முட்டையோ நல்ல முட்டையோ, அதற்கான சுண்ணாம்புச் சத்து அவள் எலும்பிலிருந்துதான் போகிறது. இன்னும் சில கிழமைகளில் இன்னொரு சோடி இடக்கூடும், அதற்குப் பிறகும் இடலாம். தீனியில் விட்டமின் டி3 கலந்த கால்சியம் பவுடர் தூவுங்கள். ஈரப்பாசி போட்ட மூடிய பெட்டி ஒன்று கூட்டுக்குள் இருக்கட்டும், அவளுக்குத் தோண்டி இட ஓர் இடம் வேண்டும். வயிறு ஊதி, நாள்கணக்கில் முக்கித் தோண்டி, ஒன்றும் வெளியே வராமல் சோர்ந்து கிடந்தால் என்னைக் கேட்காதீர்கள், இந்தத் தளத்தில் யாரையும் கேட்காதீர்கள், ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள். நான் வைத்தியர் இல்லை. அதைச் சுட்டிக்காட்டப் பின்னூட்டத்தில் வருகிறவர்கள் கஷ்டப்பட வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். 2013-இல் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். ஒக்டோபர் கடைசியில், பருவம் தப்பி, என் கெக்கோ இரண்டு முட்டை இட்டாள். கொத்துரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, வெர்மிகுலைட்டையும் (ஈரம் பிடித்து வைக்கிற தாதுத் துகள்) தண்ணீரையும் சம எடைக்குக் கலந்து போட்டேன் (கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது), மூடியில் ஊசியால் இரண்டு மூன்று துளை, முட்டைகள் பாதி புதைந்தபடி. அந்த டப்பா ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள், அடியில் தண்ணீர், தண்ணீருக்குள் மீன்தொட்டி ஹீட்டர். 27 பாகை செல்சியஸ். கடையில் இன்குபேட்டர் விற்கிறார்களே என்பீர்கள். விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

வெப்பநிலையில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், இவற்றில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். 26, 27-இல் வைத்தால் பெரும்பாலும் பெண். 32 தாண்டினால் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 34-க்குக் கொண்டு போனால் மறுபடி பெண்ணாகத்தான் வரும், ஆனால் அந்தப் பெண்களுக்குச் சண்டைக்குணம் கூட. அதற்கு மேலே போனால் கரு அவிந்துவிடும். முட்டைக்காலத்தின் முற்பகுதியிலேயே இது முடிவாகிவிடும். குளிராக வைத்தால் பொரிக்க இரண்டு மாதத்துக்கு மேல், சூடாக வைத்தால் ஒன்றரை மாதத்துக்குள்ளும் வரலாம். எனக்குப் பெண்தான் வேண்டியிருந்தது. இரண்டு ஆணை ஒரு கூட்டில் போட்டால் ஒன்று மற்றதைக் கடித்துக் குதறிவிடும்.

இங்கே வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் எங்கள் ஆள்தான், என் பக்கத்து ஊர்க்காரர். மேலே அவர் குடும்பம், கீழே நான். வீட்டின் தெர்மோஸ்டாட் மேலே, அதற்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. குளிர்காலத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு 21 பாகைக்குக் குறையாமல் சூடு கொடுக்க வேண்டும் என்று ரொறன்ரோ நகரசபை விதியே இருக்கிறது, நான் ஜாக்கெட்டோடு படுத்தேன். சொன்னால், "தம்பி, நாங்கள் வந்த காலத்தில எவ்வளவு கஷ்டப்பட்டனாங்கள் தெரியுமோ" என்று தொடங்குவார். கெக்கோவைக் கண்ட நாளிலிருந்து கரண்ட் பில் கூடியதெல்லாம் அதன் கணக்கில் போய்விட்டது. அதன் சூட்டு விரிப்பு 16 வாட். அவர் வீட்டு முன்வாசலில் இரவு முழுக்க எரிந்த பல்பு அதைவிடக் கூட இழுக்கும். செல்லப்பிராணி வைத்திருப்பதால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவேன் என்றும் ஒரு நாள் சொன்னார். ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் பாருங்கள், ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று எழுதினாலும் அது செல்லாது. எங்கட ஆட்களிடம் வாடகைக்குப் போகிறவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், "ஊர்க்காரர்" என்பதற்காக ரசீது கேட்காமல் இருக்காதீர்கள். எல்லோரும் அப்படி இல்லை, தெரியும்.

சரி. டிசம்பர் 21 இரவு உறைமழை தொடங்கியது. விடியும்போது மரமெல்லாம் பனிக்கட்டி, கிளைகள் முறிந்து கம்பிகளில் தொங்கின, ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அந்த ஐஸ் புயலை அங்கே இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். சில இடங்களில் கிறிஸ்மஸ் தாண்டியும் வரவில்லை. ஹீட்டர் நின்றது. தண்ணீர் இருந்ததால் பெட்டி உடனே ஆறிவிடவில்லை, இருந்த கம்பளியெல்லாம் சுற்றினேன். அவளைத் துணிப்பையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மேலே வீட்டுக்காரர் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டப் பார்த்தார், நான் போய் நிற்பாட்டினேன். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைட் வாயு விஷம், வாசம்கூட வராது, அந்த நாட்களில் தீயணைப்புக்காரர் வானொலியில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்கள்.

மிசிசாகாவில் மாமி வீட்டில் கரண்ட் இருந்தது. நண்பர் கார் ஓட்ட, முட்டை டப்பாவை மடியில் சமமாகப் பிடித்தபடி போனேன். அவர் பிரேக் போடும்போதெல்லாம் என் கண் அந்தப் பென்சில் புள்ளியில்தான் இருந்தது. மாமி சுத்த சைவம், அவர் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை.

"என்ன தம்பி டப்பாக்குள்ள?"

"முட்டை, மாமி."

"இஞ்ச முட்டை சமைக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"சமைக்க இல்லை மாமி. பல்லி முட்டை."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த வீட்டிலேயே சூடான இடம் சாமி அறை, சூட்டுக்காற்று வருகிற துவாரம் அங்கேதான் என்று அவரே சொன்னார். துவாரத்துக்கு நேரே வைத்தால் காய்ந்துவிடும் என்று ஓர் ஓரமாக முக்காலியில் வைத்தோம். விளக்கு வைக்கப் போகும்போதெல்லாம் வெப்பமானியைப் பார்த்து, "இருபத்தாறு" என்று குசினியிலிருந்து எனக்குச் சத்தம் போட்டார். கனடா முழுக்க இருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் போனில் சொல்லியும் விட்டார். இது மேலே விழுந்தால் என்ன பலன் என்று ஒருவர் பஞ்சாங்கத்தோடு கேட்டார். இது சுவரில் ஏறாது, காலில் ஒட்டும் பட்டையே கிடையாது, விழுவதற்கு வழியில்லை. கண்ணுக்கு இமை உண்டு, உங்களைப் பார்த்து மூடித் திறக்கும். அதைச் சொன்னதும் மாமிக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

குளிர் பட்டதால் செத்திருக்கும் என்று பலர் சொன்னார்கள். கொஞ்சம் குளிர் பட்டால் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். சூடு ஏறினால்தான் ஆபத்து. ஜனவரியில் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு முட்டைகள் வியர்த்து, ஒரு பக்கம் உள்வாங்கின. இந்தக் கட்டத்தில் கத்தரிக்கோல் எடுத்துத் திறந்து உதவி செய்யப் போகாதீர்கள். மேல்வாய் நுனியில் இருக்கும் சின்னப் பற்களால் அதுவே கீறிக்கொண்டு வரும், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும், உள்ளே மஞ்சள் கரு இன்னும் உறிஞ்சப்படுகிறது. வெளியே வந்ததும் என் விரல் நீளமே இருந்த உருப்படி, நான்கு காலில் எழுந்து முதுகை வளைத்து என் முகத்தைப் பார்த்து வாய் திறந்து கீச்சென்று கத்தியது. புள்ளியே இல்லை, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, புள்ளி பிறகுதான் வரும். முதல் நாளிலேயே தோலை உரித்து அதையே தின்றுவிட்டது. மூன்று நான்கு நாளுக்குப் பூச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பயப்படாதீர்கள், அது வழமை.

இனி விற்கிற கதை. சாதாரண நிறக் குஞ்சுக்குக் கிடைக்கும் காசு, அது விற்கும்வரை தின்கிற பூச்சிக்கே காணாது. காசு என்றால் அபூர்வ நிறம் என்பார்கள். லெமன் ஃப்ரொஸ்ட் என்று ஒரு நிறம் வந்தது, பளீரென்ற மஞ்சள், அடிபிடிப்பட்டு வாங்கினார்கள். 2021-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மரபணுவைத் தேடிப்போய்க் கண்டது, அந்த நிறத்தோடு தோல் கட்டிகளும் சேர்ந்தே வருகின்றன, 80 சதவீதத்துக்கு மேல். எனிக்மா என்ற இன்னொன்று தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் திணறும். இவற்றைப் பெருக்கி விற்றவர்கள்தான் எனக்கு வந்து கருணை பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

ஏனென்றால் அவள் அதற்குப் பிறகு இட்ட முட்டைகளை எல்லாம் நான் இட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்தேன். ஆம், கருவாட்டுக்குப் பக்கத்தில், பெயர் எழுதிய டப்பாவில். உள்ளே கரு மிகச் சின்னதாக இருக்கும்போதே செய்தால் எந்த உயிருக்கும் வலியில்லை. இதை எழுதினதற்கு முன்பு ஒருமுறை கொலைகாரன் என்றார்கள். வீட்டுக்கு ஒரு குஞ்சு எடுங்கள் என்று அவர்களிடம் கேட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. உங்கள் முட்டை இட்டுச் சில நாளுக்குள்தான் என்றால், இரண்டு குஞ்சையும் பதினைந்து இருபது வருடம் நீங்களே வைத்திருக்க முடியாது என்றால், நானும் ஃப்ரீசர் என்றுதான் சொல்வேன். டார்ச்சில் நரம்பு தெரிந்த பிறகு என்றால் வேறு கதை, அப்போது பொரிக்க வையுங்கள், ஆளுக்கு ஒரு கூடு ஆயத்தம் செய்யுங்கள்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூர் என்றால் வளர்ப்பதே சட்டவிரோதம், இங்கே படம் போடாதீர்கள். வேறு இடம் என்றால் டார்ச்சு வைத்து எடுத்த படத்தையும், அவள் உங்களிடம் வந்த மாதத்தையும் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பூச்சி வளர்ப்பது பற்றித் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அதில் எனக்கு இன்னும் பெரிய சண்டைகள் இருக்கின்றன.